எட்டு நீலக் குழாய்கள்

7 ஜூலை 1998
சிறுகுறிஞ்சான் கஷாயம் சர்க்கரையைக் குறைக்கிறதா என்று கல்லூரி ஆய்வுக்கூடத்தில் இன்று தொடங்கினோம். பிரின்சிபால் எட்மண்ட் இலையை மென்றுவிட்டு மைசூர்பாக்கைக் கடித்தார். மணல் மாதிரி இருக்கிறதாம். இனிப்பே தெரியாமல் நாக்கு மரத்ததையே நோய் தீர்ந்ததாக எடுத்துக்கொண்டு கருத்தரங்க உரையைத் தயாரிக்கப் போய்விட்டார். மைசூர்பாக்கு மிச்சமில்லை.

சோதனைக்குச் சர்க்கரை நோயுள்ள, ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளிகள் எட்டுப் பேர். அவர்கள் மாத்திரையை நிறுத்தக் கூடாது, கூடவே கஷாயம். இன்று இங்கேயே சிறுநீர் வாங்கிச் சோதித்தேன். எட்டுக் குழாயும் செங்கல் சிவப்பு, அத்தனை சர்க்கரை. நாளையிலிருந்து மைசூர் மைன்ஸ் சுரங்கத்தில் அவர்களோடு வேலைபார்த்த இன்பராஜ் எல்லார் பாட்டிலையும் சைக்கிளில் கொண்டுவருவார். அவருக்குச் சர்க்கரை கிடையாது.

20 ஜூலை
எட்டும் நீலம். துளிச் சர்க்கரை இல்லை. மறுபடி செய்தேன். நீலம்.

2 ஆகஸ்ட்
என் கணவர் ஜெயகரனுக்கும் சர்க்கரை; அவரும் கஷாயம் குடிக்கத் தொடங்கிவிட்டார். பாலகாட் சுரங்கத்தில் ஃபோர்மேனாக இருந்தவர். யார் சொன்னாலும் கேட்கமாட்டார், எட்டுக் குழாய் சொன்னால் கேட்கிறார். மாத்திரையை நிறுத்தட்டுமா என்றார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஏன்? எதையும் நம்பாதவள் என்று பெயர் எடுத்தவள்தானே?

14 ஆகஸ்ட்
இன்று எட்டு பாட்டிலும் ஒரே பளிச் மஞ்சள். சிறுநீரை இப்படி மஞ்சளாக்கும் பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரை போட்டவர் யார் என்று விசாரித்தேன். இன்பராஜ் மட்டும்.

எட்டு பாட்டிலிலும் அவர் ஒருவரின் சிறுநீரே!

எட்டுப் பேர் சார்பில் அவர்களில் ஒருவரான பெருமாள்தான் பேசினார்: "மொத நாளே ஃபெயிலாயிட்டோம் மேடம். வேலைல இருந்தப்ப மெடிக்கல்ல ஃபெயிலானா சுரங்கத்துல எறக்குற கேஜ்ல ஏத்தமாட்டாங்க, அப்பலேர்ந்தே இன்பராஜ் பாட்டில்தான். உங்க பேரு கெடக் கூடாதுன்னுதான் குடுத்தோம்."

முப்பது வருஷப் பழக்கம். நல்ல மனசு வேறு.

ஜெயகரன் மாத்திரை நிறுத்திப் பன்னிரண்டு நாள்—

வீட்டுக்கு ஓடினேன். பாட்டிலைக் கொடுத்தேன். "இரு, இன்பராஜுக்கு ஆள் அனுப்பறேன்" என்று சிரித்தார். இவரும் அந்தப் பாட்டிலில் பாஸானவர்தானாம். குளியலறைக் கதவை மூடவிடாமல் நின்றேன்.

"இன்னா, என்னையுமா நம்பல?"

செங்கல் சிவப்பு. மாத்திரையை விழுங்கும்வரை டம்ளரை நானே பிடித்திருந்தேன். நாளை காலை டாக்டரிடம்.

17 ஆகஸ்ட்
அறிக்கையில் மூன்று வரி எழுதினேன். கஷாயத்தால் பலன் உண்டா என்று தெரியவில்லை. தவறான முடிவை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்தினார். ஆய்வு செய்தவர் அதைத் தடுக்கவில்லை.

கடைசி இரண்டு வரியை எடுத்துவிடச் சொன்னார் எட்மண்ட். எடுக்கவில்லை.