பரங்கிக்கொடிக்காகத் திரும்பிய வேன்

அக்கா,

இன்று காலை கடைக்குக் கிளம்பும் அவசரத்தில் தக்காளிச் செடியின் பக்கக் கிளைகளைக் கிள்ளிவிட்டுக் கையைச் சரியாகக் கழுவாமல் வந்துவிட்டேன். மருந்துக் கடையில் ஒருவருக்கு மாத்திரை அட்டையை வெட்டிக் கொடுக்கும்போது விரலிலிருந்து அந்த வாசனை எழுந்தது. பழத்தின் வாசனை இல்லை, இலையின் வாசனை. பச்சையாக, மூக்கைக் கொஞ்சம் உறுத்துவதாக. அதை முதன்முதலாக முகர்ந்த அன்று நீங்கள் உங்கள் கையை என் மூக்கருகே நீட்டி, "இன்னாக்கா இது, செடிக்குக்கூட வேர்க்குமா?" என்று கேட்டீர்கள். வாங்க வந்தவர் மீதிச் சில்லறைக்காகக் காத்திருக்க, நான் கையை முகத்தருகே வைத்தபடி நின்றிருந்தேன்.

நம் இருவருக்கும் ஒரே வயது. இருந்தும் நான் உங்களை அக்கா என்பேன், நீங்கள் என்னை அக்கா என்பீர்கள். யாரும் அதைத் திருத்தவில்லை. நீங்கள் அம்மையார்குப்பத்தில் தறிச் சத்தத்துக்குள் பிறந்து வளர்ந்தவர். தறியை விற்றுவிட்டுக் கே.ஜி.கண்டிகைப் பக்கம் நம் நகருக்குக் குடிவந்தபோது, உங்கள் வீட்டுக்காரர் மலைக்கோயிலுக்கு ஆட்டோ ஓட்டத் தொடங்கினார். நீங்கள் சேலைகளுக்கு ஃபால்ஸ் தைத்தீர்கள். நானோ பேருந்து நிலையத்தருகே மருந்துக் கடையில் நின்றே பாதி ஆயுளைக் கழித்தவள். ஒரு துளசிச் செடியைக்கூட நான் உயிரோடு வைத்திருந்ததில்லை.

பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடம் முள்ளும் பாட்டிலுமாகக் கிடந்ததைச் சுத்தம் செய்து, விருப்பமுள்ளவர்கள் ஆளுக்கொரு பாத்தி எடுத்துக் காய்கறி போடலாம் என்று நகர் சங்கத்தில் முடிவானது. நம் இரண்டு பாத்திகளும் பக்கத்துப் பக்கத்தில் அமைந்தன. அங்கே நின்றால் மலைக்கோயில் தெரியும். அதைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, கொத்தமல்லி விதையை இரண்டாக உடைக்காமல் முழுசாக அப்படியே விதைத்தோம். கத்தரி நாற்றை உச்சி வெயிலில் நட்டோம். வெண்டைக்குத் தண்ணீர் ஊற்றி ஊற்றியே அழுகவைத்தோம். அந்தக் கோடையில் நம் பாத்திகளில் நிமிர்ந்து நின்றது கோரைப்புல் மட்டும்தான்.

நான் விட்டுவிடலாம் என்றேன். நீங்கள் மண்ணைக் கையில் அள்ளிப் பார்த்துக்கொண்டே, "நமக்குத்தாங்கா தெரியல. மண்ணு மேல இன்னா தப்பு?" என்றீர்கள்.

வைகாசியில் ஒரு மழை பெய்தது. சமையலுக்கு அறுத்த பரங்கியின் விதைகளில் சிலவற்றைக் கொண்டுவந்து உங்கள் பாத்தியின் ஓரத்தில் ஊன்றினீர்கள். அதில் ஒன்றுதான் பிழைத்தது. பிழைத்தது என்றா சொல்வது! பாத்தியைத் தாண்டி, வரப்பைத் தாண்டி, பொதுவிடத்தின் வெற்றுத் தரையில் இறங்கி அது ஓடிய வேகத்தைப் பார்த்து நமக்குப் பயமே வந்தது. மாலையில் நான் கால் வைத்து நின்ற இடத்தில் மறுநாள் இலை நிற்கும். அதன் சுருள்கம்பி எட்டிப் பிடித்த குச்சியை எத்தனை இறுக்கமாகச் சுற்றியிருக்கிறது என்று காட்டி, "நூல் முடிச்சு போடறதுக்கு எங்க நைனா என்ன அடிச்சாரு. இதுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டீர்கள்.

ஆனால் பூ எல்லாம் உதிர்ந்துகொண்டிருந்தது. காய் நிற்கவில்லை. போனில் ஒரு வீடியோவைப் பார்த்துத்தான் பூவில் ஆணும் பெண்ணும் உண்டு என்றே அறிந்தோம். பெண் பூவுக்கு அடியில் கோலிக்குண்டு போல ஒரு பிஞ்சு இருக்கும். வண்டு வராவிட்டால் ஆண் பூவைப் பறித்து, அதன் மகரந்தத்தை நாமே தொட்டு வைக்கலாம், அதுவும் விடிகிற நேரத்தில், பூ மூடுவதற்குள். நீங்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்கள். "கல்யாணம் பண்ணி வெக்கற மாதிரி கீதுக்கா. எனக்கு வெக்கமா கீது." ஆனாலும் செய்தீர்கள். சில நாட்களில் அந்தக் கோலிக்குண்டு எலுமிச்சையானது, பிறகு என் கைமுட்டி அளவானது. நாம் இருவரும் அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். காயைத் தொடக்கூட உங்களுக்குக் கை வரவில்லை.

உங்கள் இதயம் பலவீனமானது என்று எனக்குத் தெரியும். மாத்திரையை என்னிடம்தானே வாங்குவீர்கள். சீட்டில் மருந்தின் அளவு கூடிக்கொண்டே போனதை நான் கண்டேன். நீங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. தண்ணீர்க் குடத்தை மட்டும் உங்கள் கையிலிருந்து பிடுங்கிக்கொள்வேன். கொடிக்கு ஊற்றும்போது மட்டும் என் கையிலிருந்து சொம்பை வாங்கிக்கொள்வீர்கள்.

ஆடிக் கிருத்திகை நெருங்கியது. பாத்திகள் வருவதற்கு முன்பெல்லாம் காவடி எடுத்து வருகிறவர்களின் வண்டிகள் அந்த இடத்தில்தான் நிற்கும். மற்றவர்களின் கீரையெல்லாம் அறுத்து முடிந்திருந்தது. வண்டிகள் வருவதற்கு முந்தின நாள் சங்கச் செயலாளர் நம்மிடம் வந்து சொன்னார்.

"தூரத்துலேர்ந்து வர்றவங்கம்மா. வண்டிய எங்க நிறுத்துவாங்க? கொடிய மட்டும் அப்படியே ஒரு ஓரமா சுருட்டி வெச்சிடுங்க."

"சேலையா சார், சுருட்டி வெக்கறதுக்கு?" என்று கேட்டீர்கள். அவருக்குக் கொஞ்சம் சங்கடம்தான். ஆனாலும் சங்கம் முடிவெடுத்தாகிவிட்டது என்றார். நீங்கள் வாதாடவில்லை. "ஆங், சரி சார்" என்று மட்டும் சொன்னீர்கள். திரும்பி வரும் வழியெல்லாம் நான்தான் கத்திக்கொண்டு வந்தேன்.

மறுநாள் விடியற்காலையில் மனம் கேட்காமல் நான் போனபோது நீங்கள் ஏற்கெனவே அங்கே இருந்தீர்கள். கொடியைச் சுருட்டவில்லை. ஒவ்வொரு பெண் பூவாகத் தேடி மகரந்தம் வைத்துக்கொண்டிருந்தீர்கள். இன்றைக்கு வண்டி ஏறப்போகிற கொடிக்கு எதற்கு அக்கா என்று கேட்டேன். "பூத்துட்டுதே" என்றீர்கள். அவ்வளவுதான் பதில்.

அப்போது முதல் வேன் வந்தது. செயலாளர் வண்டிகளை வரிசையாக நிறுத்த ஒரு கயிற்றுச் சுருளோடு நின்று கையைக் காட்டினார். வேன் திரும்பியபோது அதன் விளக்கு வெளிச்சம் தரையோடு தரையாக விழுந்தது. அக்கா, அந்தக் காட்சியை உங்களைத் தவிர யாரிடம் சொல்ல முடியும்? பூக்கள் எல்லாம் ஒன்றாக எரிந்தன. அத்தனை பூ இருந்தது நமக்கே தெரியாது. வேன் நின்றுவிட்டது. மஞ்சள் வேட்டி கட்டிய ஒருவர் முன்பக்கமிருந்து இறங்கி வந்தார். நகரிப் பக்கத்து விவசாயி என்று பிறகு தெரிந்தது. தெலுங்கில் பேசினார், நீங்களும் தெலுங்கில் பதில் சொன்னீர்கள்.

"யார் தோட்டம்மா இது?"

"எங்களுதுதான். எங்களுக்கு ஒண்ணும் தெரியாது. மொத மொத போட்டது."

அவர் குனிந்து ஓர் இலையை விலக்கினார். அடியில் ஒரு காய். இன்னோர் இலை, இன்னொரு காய். நிமிர்ந்து டிரைவரைப் பார்த்துக் கையை ஆட்டினார். "திருப்பு, திருப்பு. பிஞ்சு வுட்டுகினு இருக்கிற கொடி மேல வண்டிய ஏத்திட்டு, மலை மேல போயி எந்த மொகத்தோட நிக்கறது?"

இறங்கியவர்கள் காவடிகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு நம் கொடியின் ஓரமாக ஒருவர் பின் ஒருவராக நடந்தார்கள். அவர்களெல்லாம் மண்ணை உழுது பிழைப்பவர்கள். வாழ்நாள் முழுவதும் இதைப் பார்த்தவர்கள். அவர்களே நின்று நின்று பார்த்தார்கள். ஓர் அம்மா இலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். யாரோ "அரோகரா" என்றார்கள், எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள். அது மலைக்குச் சொன்னதா, கொடிக்குச் சொன்னதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பின்னால் வந்த வண்டிகளும் திரும்பி ஏரிக்கரைக்குப் போயின. செயலாளர் கையிலிருந்த கயிற்றை அவிழ்த்து, கொடியைச் சுற்றிக் குச்சி நட்டுக் கட்டத் தொடங்கினார். நீங்கள் அழுதீர்கள். நான் உங்கள் முதுகைத் தடவிக்கொண்டே, இந்த இதயம் இதைத் தாங்குமா என்று பயந்தேன். தாங்கியது.

பரங்கி முடிந்ததும் அதே இடத்தில் குச்சிகளை ஊன்றி அவரை போட்டீர்கள். "பனி எறங்குனாதான் பூக்குமாம்" என்று யாரிடமோ கேட்டு வந்து சொன்னீர்கள். பந்தல் நிறைய இலை வந்தது. மார்கழியில் முதல் பூ வந்தபோது நீங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தீர்கள். போனில் படம் எடுத்துவந்து காட்டினேன். ஊதா நிறத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தீர்கள். "நூலுக்கு இந்தச் சாயம் ஏத்த முடியாதுக்கா" என்றீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் வீட்டுக்கு நடந்து வரவில்லை.

காரியங்கள் முடியும்வரை நான் அந்தப் பக்கம் போகவில்லை. போக முடியவில்லை. பந்தல் காய்ந்து போயிருக்கும் என்ற நினைப்போடு ஒரு காலையில் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனேன். மண் ஈரமாக இருந்தது. மறுநாள் இன்னும் சீக்கிரமாகப் போனேன், அப்போதும் ஈரம். மாலையில் போனேன். எதிர்வீட்டுப் பெண் வாளியோடு நின்றிருந்தாள். அவளுக்கு முன்பே செயலாளர் ஊற்றிவிட்டுப் போனாராம். யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. ஆளாளுக்குத் தாம் மட்டும்தான் ஊற்றுவதாக நினைத்திருந்தார்கள்.

தையில் அந்த அவரை காய்த்த காய்ப்பை என்னவென்று சொல்வேன். பறிக்கப் பறிக்கக் கொத்துக்கொத்தாகத் தொங்கியது. உங்கள் வீட்டுக்காரர் முறத்தில் அள்ளிக்கொண்டு வீடு வீடாகப் போனார். ஒவ்வொரு வாசலிலும் இரண்டு கை அள்ளிக் கொடுத்துவிட்டு நகர்ந்தார்.

அன்று மாலை நான் கடையை முடித்துவிட்டுத் தெருவுக்குள் நுழைந்தேன். முதல் வீட்டில் அவரைக்காய்ப் பொரியலின் வாசனை. அடுத்த வீட்டில் குழம்பு. அதற்கடுத்த வீட்டில் தாளிக்கிற சத்தம். கடைசி வீடு வரைக்கும் அதே வாசனை. உள்ளே தட்டு வைக்கிறார்கள், குழந்தைகளைச் சாப்பிடக் கூப்பிடுகிறார்கள். யாருடைய கையால் விதைத்தது எத்தனை வாய்க்குள் போகிறது! என் வீட்டு வாசலைத் தாண்டித் தெருவின் முனைவரை நடந்தேன். திரும்பி நின்று, உங்கள் சாப்பாட்டை உண்ணுகிற அந்தத் தெருவை முழுசாகப் பார்த்தேன். செருப்பைக் கழற்றத் தோன்றியது. கழற்றிவிட்டு நின்றேன்.