புளிக்காய்ச்சலும் வாய்ப்புண்ணும்

மே 6, செவ்வாய்
மறுபடியும் வந்துவிட்டது. கீழுதட்டின் உள்ளே ஒன்று, நாக்கு ஓரத்தில் இரண்டு. இந்த வருஷத்தில் நான்காவது தடவை. சென்னையிலிருந்து அம்மா போனில், "உடம்புச் சூடுடி, மோர் குடி" என்றாள். குடித்தேன். அதுவும் எரிகிறது.

மே 10, சனி
ஒரு பிறந்தநாள் ஆர்டர். நாற்பது பேருக்கு எலுமிச்சை சாதம், சாம்பார். துளி உப்பு நாக்கில் பட்டாலே சுரீரென்றது. போதும் போதும் என்று நிறுத்திவிட்டேன். சாயந்திரம் அந்த வீட்டுப் பெண்ணிடமிருந்து மெசேஜ்: "உப்பே இல்லையே ஆன்ட்டி?"

ஆறு வருஷமாக இங்கே அமெரிக்காவில், பிஸ்கட்டவே ஊரில், ஆர்டர் எடுத்துச் சமைக்கிறேன். இப்படி ஒரு மெசேஜ் வந்ததில்லை. அடுத்த ஞாயிறு, வழக்கமாக ஆர்டர் கொடுக்கும் ஷ்யாமளாவின் பெண் மாளவிகாவுக்கு வளைகாப்பு, நூற்றிருபது பேர். புளியோதரையும் இப்படிப் போனால் அப்புறம் என்னை யார் கூப்பிடுவார்கள்?

மே 12, திங்கள்
ஷ்யாமளா போன். "வாய்ப்புண்ணாமே, கன்டேஜியஸா? மாளவிகா பிரெக்னன்ட், அதான் கேட்டேன்." என்ன கேள்வி இது!

டாக்டரிடம் ஓடினேன். ஒட்டாதாம். உதட்டுக்கு வெளியே கொப்புளமாக வருவதுதான் ஒட்டும், இது வேறு. சூடும் இல்லையாம். இரும்பு, பி-12 பார்க்க ரத்தம் எடுத்தார்கள். தடவ ஒரு மருந்து. நுரை வரும் டூத்பேஸ்ட் புண்ணைக் கிளறுமாம், நிறுத்தச் சொன்னார் — சென்னையிலிருந்து பெட்டியில் பதினோரு ட்யூப் கொண்டுவந்திருக்கிறேன்! ஆற இன்னும் ஒரு வாரம், பத்து நாள் ஆகும் என்றார். எனக்கு இருப்பது ஆறு நாள்.

மே 13, செவ்வாய்
நுரையே இல்லாத பேஸ்ட். பல் தேய்த்த மாதிரியே இல்லை. எரிச்சலா வருது.

மே 17, சனி
புளிக்காய்ச்சல். என்னால் வாயில் வைக்க முடியவில்லை. ருசி பார்க்க என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். "நல்லா இருக்கு" என்றார் ஜெயபிரகாஷ். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம், எதைக் கொடுத்தாலும் இந்த ஒரே பதில். கத்திவிட்டேன் — என் பேரு போகப்போகுது, உண்மையைச் சொல்லித் தொலைங்க!

கரண்டியை வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "உப்பு கம்மி. புளி ஜாஸ்தி. உனக்கு எப்பவுமே புளி ஜாஸ்திதான்."

எப்பவுமேவா? இத்தனை வருஷம் பேசாமல் சாப்பிட்டாரா? கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஆனாலும் உப்பும் வெல்லமும் சேர்த்தேன், அவர் போதும் என்கிறவரை.

மே 18, ஞாயிறு
பாத்திரங்கள் காலி. ஷ்யாமளா புளியோதரைக்கு ரெசிபி கேட்டாள். வாய் திறக்காமல் சிரித்து வைத்தேன்.

மே 22, வியாழன்
புண் ஆறிவிட்டது. பி-12 கம்மியாம், மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். மத்தியானம் வீட்டில் மிச்சமிருந்த வளைகாப்புப் புளிக்காய்ச்சலைச் சாதத்தில் பிசைந்து சாப்பிட்டேன். கொஞ்சங்கூட எரியவில்லை.

நான் வழக்கமாகப் பண்ணுவதைவிட நன்றாக இருந்தது. இதை இன்னும் அவரிடம் சொல்லவில்லை.