வில்லனுக்காக வளர்த்த முடி

ஜூன் 3
இன்றும் ஒரு வீடியோ. 'இரண்டாம் பாகத்தின் வில்லன் இவர்தானா?' என்று என் வீட்டுக்காரர் துளசிங்கம் முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருக்கிறார்கள். படத்தின் முதல் பாகத்தில் வில்லனுடைய விண்கலத்தில் நிற்கும் அடியாட்களில் இவரும் ஒருவர். கடைசியில் எல்லோரும் எரிந்துபோவார்கள். அதற்கு முன்னால் கலத்தின் கதவு மூடும்போது இவர் மட்டும் திரும்பிச் சிரிப்பார். அந்த ஒரு சிரிப்பை வைத்துக்கொண்டு ஆளுக்கொரு கதை கட்டுகிறார்கள்.

ஷூட்டிங் முடிந்த அன்று யாரோ ஒரு மேனேஜர், 'கூப்பிடுறோம், முடியையும் தாடியையும் தொடாதீங்க' என்றாராம். அதற்குப் பிறகு போனும் இல்லை, கத்தரியும் இல்லை.

ஜூன் 9
சினேகாவுக்குச் சிக்கு எடுப்பதற்குள் அவள் அழுதுவிட்டாள், நான் அழாத குறை. ஆவணி வந்தால் மூன்று வயது முடிகிறது. அதற்குள் முதல் முடியை இறக்கியாக வேண்டும்.

பிறந்ததும் மூச்சுத் திணறிக் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தவள். அப்போது மலையைப் பார்த்துக் கும்பிட்டு, 'புள்ள பொழைச்சா அப்பனும் பொண்ணும் ஒண்ணா மொட்ட போட்டுக்கிறோம் முருகா' என்று வேண்டிக்கொண்டது யார்? நானா? இவர்தான்.

ஜூன் 22
கேட்டேன்.

'இன்னும் கொஞ்ச நாளு பொறுத்துக்க தேவயானி. மொட்டயா போய் நின்னா வேற ஆள புடிச்சிக்குவாங்க. முருகன் இன்னா ஓடியா போயிடுவாரு?'

முருகன் ஓடமாட்டார். பிள்ளைக்கு ஏதாவது ஒன்று என்றால்? எழுதவே கை கூசுகிறது.

ஜூலை 6
கே.ஜி.கண்டிகை ஸ்டாண்டில் இவர் ஆட்டோவுக்கு 'வில்லன் வண்டி' என்று பேராம். செல்ஃபி எடுக்கிறவர்கள் நிறைய. ஏறி உட்காருகிறவர்களைத்தான் காணோம்.

ஜூலை 15
சினேகாவுக்குக் காய்ச்சல். ஊரெல்லாம் பிள்ளைகளுக்கு வருகிற காய்ச்சல்தான், தெரிகிறது. ஆனாலும் — முருகா, அவரு புத்தி இப்படி ஆயிடுச்சி, நீ மனசுல வெச்சுக்காத.

ஜூலை 29
டீசர் வந்துவிட்டது. வில்லன் யாரோ வடநாட்டு நடிகர். இவர் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். பாவமாக இருந்தது. உள்ளுக்குள் ஒரு நிம்மதியும் இருந்தது, பொய் சொல்வானேன்.

'சரி, மலைக்கு எப்ப போலாம்?' என்றேன்.

'அவன் டம்மிடி. நெஜ வில்லன் கடைசிலதான் வருவான், இப்பவே காட்ட மாட்டாங்கன்னு எல்லாரும் சொல்லிகினு இருக்காங்க.'

சொல்லும்போது தாடிக்குள் உதடு நடுங்கியது. அதைப் பார்த்த பிறகு திட்டவும் முடியவில்லை. அலுத்துப்போய்விட்டது.

ஆகஸ்ட் 5
தம்பி அரசு வந்தான். 'பாவாவ இழுத்துகினு போயிடலாமாக்கா?' என்றான், இவரைத்தான். வேண்டாம் என்றேன். இழுத்துக்கொண்டு போய்ச் செலுத்துவதற்குப் பெயர் வேண்டுதலா?

ஆகஸ்ட் 10
மலையில் கிருத்திகைக் கூட்டம் போல நெரிசல். இவர் வரவில்லை, அரசுதான் கூட வந்தான். தாய்மாமன் மடியில் உட்கார்ந்து சினேகா வீறிட்டாள். முடி இறக்கினவர் கத்தியைக் கழுவியபடி கேட்டார்: 'ரெண்டு தலன்னு சொன்னியேம்மா, அப்பா வரலியா?'

'ஆங், ரெண்டுதான்' என்று கொண்டையை அவிழ்த்துவிட்டு அவர் முன்னால் உட்கார்ந்தேன்.

'அக்கா, இன்னா பண்ற நீ!' என்று அரசு கத்தினான்.

முடி இறக்கினவர், 'புருஷனுக்குப் பதிலா பொண்டாட்டி குடுத்தாலும் சாமி ஏத்துக்கும்மா' என்று சொல்லி, தலையில் தண்ணீரை ஊற்றினார்.

வீட்டுக்கு வந்தபோது இவர் வாசலில் ஆட்டோ துடைத்துக்கொண்டிருந்தார். சினேகாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். துணியைப் பிழிந்துகொண்டே நின்றார்.

'ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?'

எத்தனை தடவை கேட்டேன்! கல்யாணமான புதிதில் என் முடியை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவார். மலையில் வராத அழுகை அப்போதுதான் வந்தது.

ஆகஸ்ட் 11
காலையில் எங்கள் இருவர் தலையிலும் அவரே சந்தனம் குழைத்துத் தடவினார். பிறகு கண்ணாடி முன்னால் நின்று தலை வாரிக்கொண்டு ஸ்டாண்டுக்குக் கிளம்பினார்.

இனி இந்த வீட்டில் சீப்பு அவர் ஒருவருக்குத்தான்.