பெனால்டி நேரத்தில் நிறுத்திய மின்சாரம்

அம்மாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீ முட்டிவலி மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதே.

நேற்று இங்கே ஒரு கூத்து, பயப்படாதே. கம்பெனி சாப்பாட்டுக்கூடத்தில் இந்த ஊர்க்காரர்கள் எல்லோரும் தங்கள் நாட்டு அணியின் கால்பந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசி பெனால்டி அடிக்கப்போகும் நேரம் டிவி ஒயர் கருகியது. நான் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டேன்.

கூட்டமே என்மேல் பாய்ந்தது. ஃபோர்மேன் என் சட்டையைப் பிடித்து உலுக்கினார். உருகிய ஒயரைக் காட்டினேன்.

"இன்னும் ஒரு நிமிஷம் தாங்காதாடா?" என்று அழுதேவிட்டார்.

அதற்குள் தெருவே "கோல்!" என்று அலறியது. சட்டையைப் பிடித்த அதே கையால் என்னை இறுகக் கட்டிக்கொண்டார். அவர் விட்ட பிறகும், அவரைக் கட்டிய என் கையை எடுக்க எனக்குத்தான் நேரமாகிவிட்டது.

சட்டையில் இரண்டு பித்தான் போச்சு. இங்கேயும் கிடைக்கும், இருந்தாலும் உன் தையல் டப்பாவிலிருந்தே அனுப்பு.

ஷிப்டுக்கு மணியடித்துவிட்டது, ஓடுகிறேன்.

உன் மகன்