படகின் அடியில் வெள்ளைத் திட்டு

மார்ச் 2, ஞாயிறு

எங்கள் கயாக் படகின் வயிற்றில் அடி. ஏரியில் கரையோரப் பாறை. முன்னால் இருந்த நான், "மாமா, இடது பக்கம் பாறை!" என்று கத்தினேன். பின்னால் திசை பார்த்துத் துடுப்புப் போட்டவர், "தெரியுது, தெரியுது" என்றார். நேராகப் போய் இடித்தார்.

ஓட்டை இல்லை. வார்னிஷ் பெயர்ந்து, அடிப்பலகையில் விரிசல். நானும் மாமனாரும் ஒரு வருஷம் ஞாயிறு ஞாயிறாகக் கார் ஷெட்டில் கிடந்து செய்த படகு. எனக்கு அழுகையே வந்துவிட்டது. மாமா பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். "நான் பார்க்காத சிராய்ப்பா, கண்டக்டரம்மா?" என்றார். வலது, இடது என்று குரல் கொடுப்பதால் நான் கண்டக்டராம்.

என் வீட்டுக்காரரிடம் மூச்சு விடவில்லை. அப்பா இனித் தண்ணீர்ப் பக்கமே போகக் கூடாது என்று சொல்ல அவருக்கு ஒரு சாக்கு போதும்.

மார்ச் 5

மரம் காய வேண்டும். ஈரத்தில் ரெசின் பசை பிடிக்காது. மாமா வேளாவேளைக்குப் போய்த் தொட்டுப் பார்க்கிறார், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுகிற மாதிரி.

மார்ச் 9, ஞாயிறு

ஒட்டு வேலை. விரிசலைத் தேய்த்து, மரத்தூளை ரெசினில் குழைத்து அடைத்தோம். மேலே கண்ணாடி நார்த் துணி. அது வெள்ளை வெளேரென்று இருக்கும். ரெசின் ஊறியதும் நிறம் போய் அடியில் மரம் தெரியும். ஊறாத இடம் வெள்ளையாகவே நிற்கும். அது வழியாகத் தண்ணீர் இறங்கிவிடும்.

ஆபீஸிலிருந்து போன். பேசிவிட்டு வருவதற்குள் மாமா பூசி முடித்திருந்தார். "எப்படி? பளபளன்னு இருக்கா?"

நட்டநடுவில் உள்ளங்கையளவு வெள்ளைத் திட்டு. குருடனுக்குக்கூடத் தெரியும் என்று எழுத வந்தேன். கை நின்றுவிட்டது.

"நல்லா இருக்கு மாமா" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

மார்ச் 10

இப்போதுதான் ஒவ்வொன்றாகப் புரிகிறது. டிவிக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போடுவது. "நீ படிம்மா, உன் குரல் நல்லா இருக்கு" என்று பேப்பரை என்னிடம் நீட்டுவது — நானும் நம்பி, ஏற்றி இறக்கிப் படித்தேனே, மக்கு!

சொன்னால் படகு போச்சு. சொல்லாவிட்டால்? ரோட்டைக் கடக்கும்போது ஏதாவது ஆனால்?

மார்ச் 12

லீவு போட்டேன். மாமா வெளியே போன நேரம் பார்த்துத் திட்டைத் தேய்த்தெடுத்து, புதுத் துண்டு ஒட்டிவிட்டேன். கையெல்லாம் பிசுபிசுப்பு. அவருக்குத் தெரியாது.

மார்ச் 14

தெரிந்துவிட்டது.

டீ கொண்டு போனேன். கவிழ்த்துப் போட்ட படகைத் தடவிக்கொண்டிருந்தார். விரல் ஓரிடத்தில் நின்றது.

"இது என் கை வேலை இல்லையே. இங்க மேடு தட்டுது."

டீயைக் கீழே வைத்தேன்.

"நான் விட்டுட்டேனா?"

"கொஞ்சம், மாமா."

"எனக்குப் போன வருஷமே தெரியும்மா. சொன்னா இவன் படகை வித்துடுவான்." ஒட்டைத் தடவிக்கொண்டே, "என் கண்ணை நம்பித்தானே எல்லாரும் பஸ்ஸுல தூங்கிட்டு வந்தாங்க" என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ! "அப்ப நான்? நானும் உங்க கண்ணை நம்பித்தானே மாமா உட்கார்ந்திருந்தேன்! எனக்கு நீச்சலும் அரைகுறை. என்ன நெனச்சுக்கிட்டிருந்தீங்க?" கத்தியே விட்டேன்.

"தப்புதான்மா" என்றார். அப்படி அவர் தலைகுனிந்து நான் பார்த்ததில்லை. ரெண்டு பேரும் ஆறிப்போன டீயைக் குடித்தோம்.

மார்ச் 15

சாப்பிடும்போது மாமாவே மகனிடம் சொல்லிவிட்டார். இவர் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார் என்று பயந்தேன். "திங்கட்கிழமையே டாக்டர்கிட்ட போலாம்பா." அவ்வளவுதான். குதித்ததெல்லாம் அப்புறம், பாத்திரம் கழுவும்போது, என்னிடம்.

மார்ச் 17

கண்புரை. ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடுமாம். இதற்கா இத்தனை ஒளிவுமறைவு!

ஏப்ரல் 13, ஞாயிறு

ஆபரேஷனுக்குப் பிறகு மாமா முதல்முறையாக ஷெட்டுக்கு வந்தார். தூசி ஆகாது என்று டாக்டர் உத்தரவு. அதனால் வாசலில் நாற்காலி. படகை வெளிச்சத்துக்கு இழுத்துக் காட்டச் சொன்னார். என் ஒட்டைக் குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பாராட்டு வரும் என்று நானும் நின்றேன்.

"என்னம்மா இது? இங்க ரெசின் ஒழுகியிருக்கு. அங்க குமிழி. பிரஷ் முடி ஒண்ணு வேற உள்ளயே உட்கார்ந்திருக்கு!"

முடியா? கிட்டே போய்த் தேடினேன். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். இருந்தது. மெல்லிசாக, ஒரே ஒரு முடி. ஒட்டிய எனக்கே இத்தனை நாள் தெரியவில்லை.

"பிரிச்செடுத்துட்டு முதல்லேருந்து போடு" என்றார்.

அந்த முடியைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மறுபடி எல்லாவற்றையும் தேய்க்க வேண்டும். தேய்க்கிறேன், எத்தனை தடவை வேண்டுமானாலும்.