லினக்ஸில் ஓடும் லாரி

லியோன், பிரான்ஸ்

அன்புள்ள மச்சான்,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் இருமல் நின்றதா? புதுச்சேரியில் இன்னும் மழையா? நான் நலம்.

“லினக்ஸ்ல அந்த கேம் ஓடவே ஓடாது”ன்னு சொன்னீங்களே, ஓடுகிறது. லேப்டாப்பில் விண்டோஸை அழித்துவிட்டு நானே லினக்ஸை ஏற்றினேன். கல்யாணமானதிலிருந்து நாம் சேர்ந்து ஓட்டி, நான் இங்கே வேலைக்கு வந்ததும் விட்டுப்போன அதே லாரி கேம்தான். இங்கே போலவே கேமிலும் வலப்பக்கம்தான் ஓட்ட வேண்டும்; முதல் நாளே நம்ம ரெட்டியார்பாளையம் ரோட்டு நினைப்பில் இடப்பக்கம் போய், எதிரே வந்த பஸ்ஸில் மோதினேன். லாரி சப்பை. எனக்கு ஒன்றுமில்லை.

அன்வருதீன் மாமா பிரான்ஸ் வரும்போது என் பழைய ஹெட்போனைக் கொடுத்தனுப்புங்கள். இங்கே வாங்கியதில் ஒரு பக்கம்தான் கேட்கிறது. உங்கள் குரல் இரண்டு காதிலும் வேண்டும்.

டியூட்டிக்கு நேரமாகிவிட்டது. வெள்ளிக்கிழமை எனக்கு லீவு. ஜும்மா முடிந்ததும் கேமில் உங்கள் லாரியை எடுத்துக்கொண்டு வாருங்கள். ஊர் எல்லையில் முதல் பெட்ரோல் பங்கில் என் லாரியோடு நிற்பேன். நீங்கள் வரும்வரை என்ஜினை அணைக்க மாட்டேன்.

உங்கள்
அஃப்ஷீன்