தகப்பன் என்ற கட்டத்தில்

செர்ரோ தெ பாஸ்கோ
2 மே 1996

அன்புள்ள எர்லிந்தா,

நீயும் நம் மகள் நெலிதாவும் நலமா? சுரங்கத்துக் குளிரில் விரல் மடங்கவில்லை, கிறுக்கலைப் பொறுத்துக்கொள்.

கல்யாணமும் வேண்டாம், பிள்ளையும் வேண்டாம் என்று ஆறு வருடத்துக்கு முன் ஓடிவந்தவன் நான். வெட்கமாக இருக்கிறது. அடுத்த மாதம் சான் பெத்ரோ திருநாளுக்கு ஊருக்கு வருகிறேன். பதிவகத்தில் நான்தான் தகப்பன் என்று கையெழுத்துப் போடுகிறேன். அவளுடைய பிறப்புச் சான்றிதழை எடுத்து வை.

வில்மெர்

பைத்தா
14 மே 1996

வில்மெர்,

உட்கார்ந்துகொண்டு படி.

சான்றிதழ் எடுக்கப் போனேன். தகப்பன் என்ற கட்டத்தில் வெறும் கோடுதான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். பெயர் இருக்கிறது. சாந்தோஸ் பெரிச்சே. உன் அப்பா!

ஊர் என்னையும் அவரையும் சேர்த்து என்ன பேசும்? நேரே படகுத்துறைக்குப் போய்ச் சத்தம் போட்டேன். வலையைத் தைத்துக்கொண்டே சொல்கிறார்:

"பள்ளிக்கூடத்துல அப்பன் பேரு கேப்பாங்களேன்னு போனேம்மா. தகப்பன்தான் வரணும்னான் குமாஸ்தா. நான்தான்யா தகப்பன்னுட்டேன். எங்க ரத்தம்தானே? அவன் போட்டா என்ன, நான் போட்டா என்ன?"

"உங்க பேத்தி உங்களுக்கு மகளாயிட்டா, தெரியுதா?"

"ஆகட்டுமே. குடும்பப் பேரு பெரிச்சேதானே?"

சட்டப்படி உன் மகள் இப்போது உன் தங்கை. சிரிப்பதா அழுவதா, நீயே சொல்.

எர்லிந்தா

செர்ரோ தெ பாஸ்கோ
26 மே 1996

எர்லிந்தா,

முந்தாநாள் கடிதம் வந்தது. மூன்று தடவை படித்தும் நம்ப முடியவில்லை.

தொழிற்சங்க வக்கீலிடம் ஓடினேன். "விஷயம் தெரிஞ்ச நாள்லேருந்து தொண்ணூறு நாள். அதுக்குள்ள உங்கப்பா மேல கேஸ் போடணும். விட்டா அவர்தான் தகப்பன்" என்கிறார்.

பெற்றவரைக் கோர்ட்டில் நிறுத்துவதா? வேறு வழி இல்லையே. வந்து கட்டாயம் போடுகிறேன். அவர்மேல் கோபமில்லை என்று சொல்லிவிடு. நான் யாரென்று நெலிதாவிடம் சொல்லாதே, நானே சொல்கிறேன்.

வில்மெர்

பைத்தா
23 ஆகஸ்ட் 1996

வில்மெர்,

நேற்றோடு தொண்ணூறு நாள் முடிந்தது. திருநாளுக்கும் நீ வரவில்லை. மூன்று கடிதங்களுக்குப் பதில் இல்லை. உனக்கு ஏதோ ஆகிவிட்டதென்று பதறிப்போய்ச் சுரங்கத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். "அவனுக்கென்ன, நல்லாத்தான் வேலைக்கு வர்றான்" என்றார்கள்.

நீ வழக்குப் போடப்போவதைச் சொன்னதும் உன் அப்பா என்ன சொன்னார் தெரியுமா? "போடட்டும்மா. பொய் சொல்லிட்டேன்யான்னு நீதிபதிகிட்ட நானே சொல்லிடறேன்." திருநாளுக்கு எடுத்த சட்டையைத் திருநாளன்று போடவில்லை, கோர்ட்டுக்கு என்று மடித்து வைத்தார். நேற்று அதைப் போட்டுக்கொண்டு, காலையிலிருந்து கதவு மூடும் வரை கோர்ட் வாசலில் நின்றார். உன்னிடம் தோற்பதற்காக நின்றார், வில்மெர்.

நீ கேட்டபடி நெலிதாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. பள்ளியில் சான்றிதழைப் பார்த்துக் குடும்பத்தாரின் பெயர்களை எழுதிவரச் சொன்னார்களாம். அப்பா: சாந்தோஸ். பிறகு அவர் வீட்டுச் சுவரில் இருக்கும் உன் படத்தைக் காட்டி, "இவரு அவரோட மகன்தானே? அப்ப எனக்கு அண்ணன்" என்று அவளே எழுதிவிட்டாள்.

திருத்தலாம் என்று ரப்பரைக் கையில் எடுத்தேன். திருத்தவில்லை.

இனி எனக்கு எழுதாதே. எழுதினால் அவளுக்கு எழுது. அன்புள்ள தங்கைக்கு என்று தொடங்கு.

எர்லிந்தா